பயனர் தடுமாறினால் குறை எங்கே? அடிப்படையிலிருந்து யூஎக்ஸ் வடிவமைப்பு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 ரக விமானங்களில் ஒரு விநோதமான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. விமானி பத்திரமாகத் தரையிறக்கிவிடுவார். ஓடுபாதையில் உருண்டுகொண்டிருக்கும்போதே சக்கரங்களை உள்ளே இழுத்துவிடுவார். விமானம் வயிற்றால் தரையில் உராய்ந்து நிற்கும். 'விமானியின் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

ஆல்ஃபோன்ஸ் சாப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்தை இயக்கும் சுவிட்சும் இறக்கையின் மடிப்பை (ஃபிளாப்) இயக்கும் சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒன்றுபோலவே இருந்தன. களைத்துப்போன மனிதனின் கை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அழுத்தியது. சக்கரக் கட்டுப்பாட்டின் முனையில் சின்ன ரப்பர் சக்கரமும், மடிப்புக் கட்டுப்பாட்டின் முனையில் ஆப்பு வடிவமும் பொருத்தச் சொன்னார் அவர். கண்ணால் பார்க்காமலே, தொட்டாலே எது எதுவென்று தெரிந்தது.

1947-ல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் இருவரும் இப்படி 'விமானியின் தவறு' எனப்பட்ட 460 சம்பவங்களைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். ஒரு கட்டுப்பாட்டை இன்னொன்றாக எடுத்துக்கொண்டதுதான் அவற்றில் மிகப் பெரிய வகை. இன்றைக்குச் செயலிகளுக்கும் இணையதளங்களுக்கும் நாம் செய்யும் யூஎக்ஸ் (யூசர் எக்ஸ்பீரியன்ஸ், பயனர் அனுபவம்) வேலையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பயனர் ஓரிடத்தில் தடுமாறினால் அந்த இடத்தைத் திருத்த வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியதுதான்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு தயாரிப்பைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் செயலி.

சொல்லின் பொருள்

'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல்லைத் தொழில் வழக்கில் பரப்பியவர் டான் நார்மன். 1993-ல் ஆப்பிளில் சேர்ந்தபோது தன் பதவிப் பெயரிலேயே அதை வைத்துக்கொண்டார். யூஐ (யூசர் இன்டர்ஃபேஸ்) என்பது திரையில் தெரிவது: பட்டன், எழுத்து, நிறம். யூஎக்ஸ் அதைவிட அகலமானது. செயலியைப் பற்றிக் கேள்விப்படுவது, நிறுவுவது, நேரம் பதிவாகிவிட்டது என்று குறுஞ்செய்தி வருவது, மருத்துவர் விடுப்பு எடுத்துவிட்டால் அதைத் தெரிந்துகொள்வது எல்லாமே அதில் அடங்கும். திரை அழகாக இருந்தும், மாற்றிய நேரத்தைச் சொல்லாமல் நோயாளியை வீணாக வரவழைத்தால் யூஎக்ஸ் தோற்றுவிட்டது.

நல்ல பயன்பாட்டை எப்படி அளப்பது? ஐஎஸ்ஓ 9241-11 என்ற சர்வதேசத் தரநிலை மூன்று கேள்விகள் கேட்கிறது. வந்த வேலை முடிந்ததா? எவ்வளவு உழைப்பில் முடிந்தது? முடித்தவருக்குத் திருப்தியா? இந்த மூன்றையும் குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட நோக்கம், குறிப்பிட்ட சூழல் ஆகியவற்றுக்கு உள்ளேதான் கேட்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. 'பொதுவாக எளிமையானது' என்று ஒரு செயலி கிடையாது. யாருக்கு, எதற்கு, எங்கே என்று சொன்னால்தான் எளிமைக்குப் பொருள் வரும்.

படி 1: பிரச்சினையை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள்

வேலை தொடங்கும்போது உங்களிடம் வருவது பெரும்பாலும் ஒரு தீர்வாகத்தான் இருக்கும். "ஒரு சாட்பாட் வேண்டும்", "முகப்பைப் புதுப்பிக்க வேண்டும்" என்பார்கள். அதைத் திருப்பிப் பிரச்சினையாக எழுதுங்கள். யார், என்ன செய்ய முயல்கிறார், எங்கே தடைப்படுகிறது, அதனால் என்ன ஆகிறது.

"வேலைக்குப் போகிறவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல்தான் மருத்துவரைப் பார்க்க முடியும். எந்த மருத்துவர் மாலையில் இருக்கிறார் என்று அறிய ஒவ்வொருவருடைய பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பாதியில் விட்டுவிட்டுத் தொலைபேசியில் அழைக்கிறார்கள்." இப்படி எழுதிவிட்டால் சாட்பாட்டைவிட, நேரத்தை வைத்துத் தேடும் வசதிதான் முதலில் தேவை என்று தானாகவே தெரியும். வாக்கியத்துக்குள் தீர்வின் பெயர் நுழைந்திருந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

படி 2: மனிதர்களைப் போய்ப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். நேரமில்லை என்பார்கள். எனக்குத் தெரிந்தவரை, பிறகு செய்யும் மறுவேலையில் பாதி இங்கே மிச்சம் பிடித்த நேரத்தின் விலைதான்.

ஆறேழு பேரிடம் பேசினாலே போதுமான அளவு தெரிந்துவிடும், அவர்கள் சரியான ஆட்களாக இருந்தால். உங்கள் அலுவலக நண்பர்கள் சரியான ஆட்கள் அல்ல. அண்மையில் உண்மையிலேயே மருத்துவரிடம் நேரம் வாங்கியவர், வயதான பெற்றோருக்காக வாங்கித் தருபவர், செயலியைப் பயன்படுத்தத் தொடங்கிப் பாதியில் விட்டவர், அந்தப்பக்கம் வரவேற்பில் உட்கார்ந்து பதிவுகளைக் கையாளும் ஊழியர் என்று தேடிப் பிடியுங்கள். கடைசியில் சொன்னவரை மறந்துவிடாதீர்கள். பயனர் என்றதும் நோயாளியை மட்டும் நினைப்போம், நாள் முழுக்க அந்தச் செயலியோடு வாழ்பவர் வரவேற்பாளர்தான்.

கேள்வி கேட்பதில் ஒரு விதி உண்டு. வருங்காலத்தைக் கேட்காதீர்கள், கடந்ததைக் கேளுங்கள். "இப்படி ஒரு வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்றால் மரியாதைக்காகவாவது "கண்டிப்பாக" என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "கடைசியாக மருத்துவரைப் பார்த்தது எப்போது? அன்றைக்கு முதலில் என்ன செய்தீர்கள்? அப்புறம்?" என்று கேட்டால் கதை வரும். கதையில்தான் தகவல் இருக்கிறது. "அப்புறம்?" என்ற ஒரு சொல், அதன் பின் ஐந்து நொடி மௌனம். நேர்காணலில் இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

முடிந்தால் பேசுவதோடு நிறுத்தாமல் கூட இருந்து பாருங்கள். மனிதர்கள் தாங்கள் செய்வதாகச் சொல்வதற்கும் செய்வதற்கும் இடைவெளி இருக்கும். அது பொய் அல்ல, பழகிப்போன வேலையின் நுணுக்கங்கள் நினைவில் நிற்பதில்லை, அவ்வளவுதான். வரவேற்பாளரின் மேசையில் கணினித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டுகளைக் கவனியுங்கள். மென்பொருள் செய்யத் தவறிய வேலையைத்தான் அந்தச் சீட்டுகள் செய்துகொண்டிருக்கும்.

குறிப்பெடுக்கும்போது அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். அவர் 'நேரம் வாங்கினேன்' என்றால் நீங்கள் 'முன்பதிவு மேற்கொண்டார்' என்று மாற்றாதீர்கள். அந்தச் சொற்கள் பின்னால் பட்டனுக்கும் மெனுவுக்கும் பெயராக வரப்போகின்றன.

பேசி முடித்ததும் ஒவ்வொரு அவதானிப்பையும் ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்பவற்றை அருகருகே நகர்த்துங்கள். இதிலிருந்து 'பெர்சோனா' எனப்படும் மாதிரிப் பயனரை உருவாக்கலாம். 1990-களின் இறுதியில் ஆலன் கூப்பர் பரப்பிய முறை அது. நீங்கள் பார்த்த மனிதர்களிலிருந்து எழுந்த பெர்சோனா பயன் தரும். கற்பனையில் வயது, பொழுதுபோக்கு, புகைப்படம் சேர்த்து எழுதிய பெர்சோனா, உங்கள் சொந்த விருப்பத்துக்கு மாட்டிய முகமூடி.

படி 3: பாதையை வரையுங்கள்

ஒரு வேலையின் தொடக்கம் முதல் முடிவு வரை நடப்பதைக் கோடு போட்டு வரையுங்கள். யூசர் ஃப்ளோ என்று இதைச் சொல்வார்கள். செயலியைத் திறப்பது, மருத்துவரைத் தேடுவது, நேரம் தேர்வது, உறுதி செய்வது. இது சுகமான பாதை. எல்லோரும் இதை வரைந்துவிடுவார்கள்.

வேலை இருப்பது கிளைகளில். தேர்ந்த நேரத்தை வேறொருவர் அதே கணத்தில் எடுத்துவிட்டால்? உறுதி செய்யும்போது இணைப்பு அறுந்தால்? நடுவில் அழைப்பு வந்து பத்து நிமிடம் கழித்துத் திரும்பினால் எந்தத் திரையில் நிற்பார்? தேடலில் யாருமே கிடைக்காவிட்டால் அந்த வெற்றுத் திரை என்ன சொல்லும்? முதல் நாள் பயனருக்குப் பதிவுகள் எதுவும் இருக்காதே, அப்போது 'என் பதிவுகள்' பக்கம் எப்படி இருக்கும்? இவற்றை இப்போது யோசிக்காவிட்டால், நள்ளிரவில் ஒரு டெவலப்பர் தன் போக்கில் யோசிக்க நேரிடும். அது அவருக்கும் நியாயம் இல்லை, பயனருக்கும் இல்லை.

படி 4: எது எந்த அறையில்

தகவலை அடுக்குவதற்குக் கார்டு சார்ட்டிங் நல்ல வழி. செயலியில் வரப்போகும் உள்ளடக்கங்கள் ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி, பயனர்களிடம் கொடுத்து, "சேர்த்து வைக்கத் தோன்றுவதைச் சேர்த்து வையுங்கள், ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பெயர் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நிறுவனங்கள் தங்கள் துறைப் பிரிவுகளின்படி மெனு அமைக்கும், மக்கள் தங்கள் தேவையின்படி தேடுவார்கள். பரிசோதனை முடிவு 'ஆய்வகம்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும், பயனரோ 'என் அறிக்கைகள்' என்று தேடிக்கொண்டிருப்பார். அட்டைகள் இதைச் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு ட்ரீ டெஸ்டிங்: வடிவமைப்பு எதுவும் இல்லாமல் மெனுவின் தலைப்புகளை மட்டும் காட்டி, "இரத்தப் பரிசோதனை முடிவை எங்கே தேடுவீர்கள்?" என்று கேட்பது. முதல் தட்டலே தவறான கிளையில் விழுந்தால் பெயர் சரியில்லை.

படி 5: காகிதத்தில் தொடங்குங்கள்

ஃபிக்மா போன்ற வடிவமைப்பு மென்பொருளைத் திறக்கும் முன் பென்சிலை எடுங்கள். ஒரே திரையை ஆறு விதமாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தில் கிறுக்குங்கள். முதல் இரண்டும் ஏற்கெனவே எங்கோ பார்த்ததாக இருக்கும். நான்காவதில்தான் உங்கள் பிரச்சினைக்கே உரிய யோசனை எட்டிப்பார்க்கும்.

அதன்பின் வயர்ஃபிரேம், அதாவது திரையின் எலும்புக்கூட்டு வரைவு. நிறமில்லாமல், சாம்பல் பெட்டிகளாக. நிறம் போட்டுக் காட்டினால் கூட்டத்தில் எல்லோரும் நிறத்தைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் எழுத்துக்கு மட்டும் பொய் நிரப்பல் வேண்டாம். உண்மையான மருத்துவர் பெயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளமாக, உண்மையான சொற்களை வையுங்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் அடங்கும் பட்டன் தமிழில் பன்னிரண்டு எழுத்தாகலாம். வரி உயரமும் கூடுதலாகத் தேவை, இல்லையென்றால் மேல்வரி எழுத்தின் காலும் கீழ்வரி எழுத்தின் கொம்பும் உரசிக்கொள்ளும்.

படி 6: திரையை அமைத்தல்

கண் எப்படிக் கூட்டிப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். 1923-ல் மாக்ஸ் வெர்தைமர் என்ற ஜெர்மன் உளவியலாளர் எழுதிய ஒரு கட்டுரை, கெஸ்டால்ட் விதிகள் எனப்படுபவற்றுக்கு அடித்தளம் போட்டது. அவற்றில் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டாலே பாதித் திரைகள் திருந்திவிடும்: அருகருகே இருப்பவை ஒன்றைச் சேர்ந்தவையாகத் தெரியும். லேபிளுக்கும் அதன் பெட்டிக்கும் இடையே 8 பிக்சல், அந்தப் பெட்டிக்கும் அடுத்த லேபிளுக்கும் இடையே 24 பிக்சல் என்றால் எது எதற்கு என்று கண்ணுக்குச் சந்தேகம் வராது. இரண்டுமே 16 என்றால் ஒவ்வொரு வரியிலும் அரைக்கணம் யோசிக்க வேண்டும். கோடும் கட்டமும் போட்டுப் பிரிக்கும் முன் இடைவெளியால் பிரித்துப் பாருங்கள்.

அடுத்தது, தொடக்கத்தில் பார்த்த அதே பால் ஃபிட்ஸ். 1954-ல் அவர் வெளியிட்ட விதி: ஓர் இலக்கைச் சென்றடைய ஆகும் நேரம், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலமாக இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் சீக்கிரம் தொடலாம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனாலும் 'நேரத்தை ரத்து செய்' என்பதை 'உறுதி செய்' பட்டனுக்கு ஒட்டினாற்போல் வைக்கும் செயலிகள் இன்றும் வருகின்றன. அடிக்கடி தொட வேண்டியதைப் பெரிதாக்குங்கள், ஆபத்தானதைத் தள்ளி வையுங்கள். இரண்டும் ஒரே விதியின் இரு பக்கங்கள். அளவுக்குக் கணக்கு வேண்டுமானால், ஆப்பிள் குறைந்தது 44 பாயின்ட் என்கிறது, ஆண்ட்ராய்டு 48 டிபி என்கிறது (பாயின்ட், டிபி இரண்டும் திரை அளவு அலகுகள்).

கைபேசியில் கட்டைவிரலையும் கணக்கில் எடுங்கள். 2013-ல் ஸ்டீவன் ஹூபர் பொது இடங்களில் 1,333 பேர் கைபேசி பயன்படுத்துவதைக் கவனித்துப் பதிவு செய்தார். திரையைத் தொட்டு இயக்கிக்கொண்டிருந்தவர்களில் 49% பேர் ஒரே கையில் பிடித்திருந்தார்கள். கைபேசிகள் அதன்பின் இன்னும் பெரிதாகிவிட்டன. முக்கியமான செயலைத் திரையின் மேல்மூலையில் ஒளித்து வைத்தால், நோயாளிக் குழந்தையை ஒரு கையில் வைத்திருக்கும் தாய்க்கு அது எட்டாது.

தேர்வுகளின் எண்ணிக்கை பற்றி ஹிக் விதி என்று ஒன்று சொல்வார்கள். தேர்வுகள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்பது அதன் சாரம். உண்மைதான், ஆனால் தெரிந்த தேர்வுகளுக்குத்தான் அது பொருந்தும். முன்பின் தெரியாத பட்டியலில் வரிவரியாகப் படித்துத் தேடும்போது நிலைமை வேறு. அங்கே எண்ணிக்கையைக் குறைப்பதைவிட, அகர வரிசை, வடிகட்டி, நல்ல தலைப்பு ஆகியவை உதவும்.

'மெனுவில் ஏழுக்கு மேல் கூடாது' என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது தவறாகப் பரவிய செய்தி. 1956-ல் ஜார்ஜ் மில்லர் எழுதியது, மனம் ஒரே நேரத்தில் நினைவில் வைத்துக்கொள்ளும் அளவைப் பற்றி. மெனு கண்முன்னே இருக்கிறது, யாரும் அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அந்த ஆய்வு உண்மையில் பொருந்தும் இடம் வேறு: முதல் திரையில் பார்த்த மருத்துவரின் பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் நான்காவது திரையில் நினைவிலிருந்து சரிபார்க்கச் சொல்வது. அங்கே நினைவைச் சோதிக்காமல், தேர்ந்தவற்றைத் திரையிலேயே மறுபடி காட்டுங்கள்.

படி 7: செயலி உண்மையைப் பேச வேண்டும்

1979 மார்ச் 28. அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள். ஆனால் அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. 'மூடு' என்ற கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே காட்டியது. உலைக்குள்ளிருந்து நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறிக்கொண்டிருந்தது.

பட்டனைத் தட்டியதும் சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் 'உங்கள் நேரம் உறுதியானது' என்று பச்சை நிறக் குறி காட்டும் செயலி, அதே விளக்கைத்தான் வைத்திருக்கிறது. கட்டளை போனது வேறு, காரியம் நடந்தது வேறு. 'அனுப்புகிறோம்', 'உறுதியானது', 'நடக்கவில்லை' என்ற மூன்று நிலைகளும் மூன்று விதமாகத் தெரிய வேண்டும். வடிவமைப்பில் சமரசமே கூடாத இடம் ஒன்று சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்.

காத்திருப்புக்கும் அளவுகள் உண்டு. 0.1 நொடிக்குள் பதில் வந்தால் தன் விரலே அதைச் செய்ததுபோல் தோன்றும். 1 நொடி வரை யோசனை அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். ஆகவே ஒரு நொடிக்கு மேல் ஆகும் எதற்கும் வேலை நடப்பதைக் காட்டுங்கள். பத்து நொடிக்கு மேல் என்றால் எவ்வளவு முடிந்தது, எப்படி நிறுத்துவது என்பதையும் காட்டுங்கள்.

உறுதிப்படுத்தும் கேள்விகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 ஜனவரி 13 அன்று ஹவாய் மக்களின் கைபேசிகளுக்கு, ஏவுகணை வருகிறது என்ற எச்சரிக்கை போனது. அது பொய் எச்சரிக்கை. பின்னால் நடந்த விசாரணையில் வெளிவந்த காரணங்களில் இரண்டு நம் தொழிலுக்குரியவை. சோதனைக்கும் உண்மை எச்சரிக்கைக்கும் மென்பொருள் ஒரே மாதிரி உறுதிக் கேள்வியைத்தான் கேட்டது. தவறாகப் போனதைத் திருத்த, தயாராக ஒரு செய்தி இல்லை. மறுப்புச் செய்தி கைபேசிகளுக்குப் போய்ச் சேர 38 நிமிடம் ஆனது.

'நிச்சயமாகவா?' என்று கேட்டு 'ஆம்', 'இல்லை' வைத்தால் விரல் பழக்கத்தில் 'ஆம்' என்பதைத் தொட்டுவிடும். என்ன நடக்கப்போகிறது என்பதைக் கேள்வியிலும் பட்டனிலும் எழுதுங்கள்: 'வெள்ளி மாலை 6.30 நேரத்தை ரத்து செய்' என்பது ஒரு பட்டன், 'நேரத்தை வைத்திரு' என்பது இன்னொன்று. அதைவிடச் சிறந்தது, கேள்வியே கேட்காமல் செய்துவிட்டுச் சிறிது நேரம் 'திரும்பப் பெறு' என்ற வாய்ப்பைத் தருவது. திரும்பிப் போக வழி தெரிந்தால் மனிதர்கள் பயமில்லாமல் பழகுவார்கள்.

படி 8: படிவம், சொல்

ஒவ்வொரு பெட்டிக்கும் 'இது இல்லாமல் இந்த வேலை நடக்காதா?' என்று கேளுங்கள். நடக்கும் என்றால் எடுத்துவிடுங்கள். லேபிள் பெட்டிக்கு மேலே நிரந்தரமாக இருக்கட்டும். பெட்டிக்குள் மங்கலாக எழுதி வைத்தால், தட்டச்சு தொடங்கியதும் அது மறைந்துவிடும், என்ன கேட்டார்கள் என்பதும் மறந்துவிடும். எண் கேட்கும் இடத்தில் எண் கீபோர்டு தானாக வர வேண்டும்.

லாரி டெஸ்லர், வெட்டி ஒட்டும் வசதியைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அவர் பெயரில் ஒரு விதி உண்டு: எந்த வேலையிலும் குறைக்க முடியாத சிக்கல் ஒரு பங்கு இருக்கும், அதை மென்பொருள் சுமக்குமா, பயனர் சுமப்பாரா என்பதுதான் கேள்வி. 'தொலைபேசி எண்ணில் இடைவெளி கூடாது' என்று சிவப்பில் திட்டும் படிவம், ஒரு வரி நிரலில் நீக்கக்கூடிய இடைவெளியைப் பயனர் தலையில் ஏற்றுகிறது.

பிழைச் செய்தியில் மூன்று இருக்க வேண்டும்: என்ன நடந்தது, அவர் உள்ளிட்டது பத்திரமாக இருக்கிறதா, இனி என்ன செய்யலாம். 'தவறான உள்ளீடு' என்பதில் மூன்றுமே இல்லை. 'இந்த நேரத்தை இப்போதுதான் வேறொருவர் எடுத்துவிட்டார். அதே நாளில் 6.45 காலியாக இருக்கிறது' என்பதில் வழி இருக்கிறது.

படி 9: எல்லோருக்கும் எட்டும்படி

அணுகல்தன்மையைக் கடைசியில் பூசும் வண்ணமாக நினைக்க வேண்டாம். டபிள்யூசிஏஜி என்ற உலகளாவிய நெறிமுறை சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் (ஒளி வேறுபாடு) கேட்கிறது, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல்தான் கிட்டத்தட்ட எல்லை. அதைவிட வெளிறினால் தேர்ச்சி பெறாது. நிறத்தை மட்டும் நம்பிப் பொருள் சொல்லாதீர்கள். காலியான நேரம் பச்சை, நிரம்பியது சிவப்பு என்றால், அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவருக்கு எல்லா நேரமும் ஒன்றுதான். ஒரு சொல்லோ குறியோ சேருங்கள்.

கைபேசியில் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவரை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நேரம் பதிவு செய்து பாருங்கள். 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மட்டும் கேட்டால் உங்கள் ஐகான்களுக்குப் பெயர் இல்லை என்று பொருள். எழுத்தளவை இரண்டு மடங்காக்கியும் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

படி 10: சோதனை

புரோட்டோடைப் எனப்படும் முன்மாதிரி தயாரானதும், நேற்றுவரை இதைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுங்கள். வழிமுறை சொல்லாதீர்கள், சூழலைச் சொல்லுங்கள்: "உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி. இந்த வாரம் மாலையில் ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டும்." 'நேரம் பதிவு செய்' என்ற பட்டனின் சொற்களையே கேள்வியில் சொன்னால் அவர் அந்தச் சொற்களைத் தேடுவார், சோதனை கெட்டுவிடும். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் பேசாதீர்கள்.

அந்த மௌனம் கடினம். என் முதல் சோதனையில், அறுபது வயது கடந்த ஓர் அம்மா அடுத்த மாதத்துக்குப் போகத் தெரியாமல் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்கோங்க தம்பி, எனக்கு இதெல்லாம் வராது" என்றார். பக்கவாட்டில் இழுத்தால் மாதம் மாறும். அப்படி இழுக்கலாம் என்று சொல்ல அந்தத் திரையில் ஓர் அம்புக்குறிகூட இல்லை. வரைந்தவன் நான், மன்னிப்புக் கேட்டவர் அவர். அன்றிலிருந்து ஒவ்வொரு சோதனையையும் "நாங்கள் சோதிப்பது செயலியை, உங்களை அல்ல. எங்காவது சிக்கினால் அது எங்களுக்குக் கிடைத்த தகவல்" என்று சொல்லித்தான் தொடங்குகிறேன்.

எத்தனை பேர்? ஐந்து பேர் போதும் என்ற கணக்கு 1993-ல் ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் ஆய்விலிருந்து வந்தது. ஒரு பயனர் சராசரியாக 31% குறைகளைக் காட்டிக்கொடுப்பார் என்று கொண்டால் ஐந்து பேர் ஏறக்குறைய 85% குறைகளைக் காட்டிவிடுவார்கள். இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பத்தில் ஒருவரை மட்டும் தாக்கும் குறை என்றால், ஐந்து பேரில் அது ஒருமுறையாவது தென்படும் வாய்ப்பு 41% தான். எனவே ஐந்து பேரிடம் சோதித்து, திருத்தி, வேறு ஐந்து பேரிடம் மறுபடி சோதியுங்கள். ஒரே தடவை பதினைந்து பேரை உட்காரவைப்பதைவிட இது பலன் தரும். நோயாளிகளும் வரவேற்பாளர்களும் வேறு வேறு வகை, இரு வகைக்கும் தனித்தனி ஐந்து.

முடிவுகளை எழுதும்போது 'பயனருக்குப் புரியவில்லை' என்று எழுத வேண்டாம். 'ஐவரில் மூவர் காலண்டரில் அடுத்த மாதத்துக்குப் போகும் வழியைக் காணவில்லை' என்று எழுதுங்கள். முதல் வாக்கியம் ஆளைக் குறை சொல்கிறது, இரண்டாவது எதைத் திருத்துவது என்று சொல்கிறது.

படி 11: வெளியிட்ட பிறகு

தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எந்தத் திரையில் விலகினார்கள், எத்தனை பேர் மறுபடி தொலைபேசியில் அழைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். எண்கள் எங்கே என்று காட்டும். ஏன் என்பதற்கு மறுபடி மனிதர்களிடம்தான் போக வேண்டும்.

திருப்தியை அளக்க, ஜான் புரூக் 1986-ல் உருவாக்கிய எஸ்யூஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) என்ற பத்துக் கேள்வித் தாள் இன்றும் பயன்படுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. ஒற்றைப்படைக் கேள்விகளின் மதிப்பிலிருந்து 1 கழித்து, இரட்டைப்படைக் கேள்விகளின் மதிப்பை 5-இலிருந்து கழித்து, எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்குங்கள். 0 முதல் 100 வரை ஓர் எண் வரும். அது சதவீதம் அல்ல, சராசரியே ஏறக்குறைய 68 தான். 70 வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாகிவிட முடியாது.

அளவீடுகள் வந்ததும் அவற்றை உயர்த்தச் சொல்லி அழுத்தமும் வரும். கணக்கு நீக்கும் பட்டனை ஐந்து திரைக்குப் பின்னால் வைக்கச் சொல்வார்கள், விளம்பரச் செய்திகளுக்கான டிக்கை முன்கூட்டியே போட்டு வைக்கச் சொல்வார்கள். 2010-ல் ஹாரி பிரிக்னல் இவற்றுக்கு டார்க் பேட்டர்ன்ஸ் என்று பெயர் வைத்தார். சாப்பானிஸ் தடுமாற்றத்தை நீக்க எதையெல்லாம் பயன்படுத்தினாரோ, அதே அறிவைத் தடுமாற்றத்தை உண்டாக்கப் பயன்படுத்துவது இது. இந்தக் கோரிக்கை வரும்போது கையில் ஒரு கணக்கு இருக்கட்டும்: கணக்கு தொடங்க எத்தனை தட்டல், நீக்க எத்தனை தட்டல். இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டத்தில் வையுங்கள். அடுத்த சோதனையில் அந்த ஐந்து பேரிடம், நேரம் பதிவு செய்யும் வேலையோடு, பதிவை ரத்து செய்யும் வேலையையும் கணக்கை நீக்கும் வேலையையும் சேர்த்துக் கொடுங்கள்.